கண்ணுக்குத் தெரியாத பூச்சு

வண்ணார்பேட்டை பைபாஸ் ஷோரூமில்
சாவியைக் கையில் தருவதற்கு முன்
ஒரு தாளை நீட்டினான் இசக்கிராஜ்.
செராமிக் பூச்சு இருபத்தெட்டாயிரம்,
சீட்டுத் தோலுக்குக் காப்பு ஆறாயிரத்து ஐநூறு.
"அஞ்சு வருசத்துக்குக் கவலையே இல்ல சார்.
தண்ணி நிக்காது, சேம்பு இலையில ஓடுதமாதிரி ஓடிரும்."

எவ்வளவு கனம் தம்பி என்றேன்.
"கண்ணுக்கே தெரியாது சார்."
அதைச் சொல்லும்போது அவனுக்கு ஒரு பெருமை.

பாளையங்கோட்டையில் பல் கட்டுகிறவன் நான்.
நுரைக்கல் பொடி, கம்பளிச் சக்கரம்,
கடைசியாகச் சூளைக்குள் ஒரு கண்ணாடிப் பூச்சு.
இருபத்திரண்டு வருடமாக
அடுத்தவர் வாய்க்குப் பளபளப்பு செய்து கொடுக்கிறேன்.
கண்ணுக்குத் தெரியாததற்கு
எவ்வளவு வாங்கலாம் என்று எனக்கும் தெரியும்.

"வேண்டாம் தம்பி, நானே பாத்துக்கிடுதேன்."
அவன் தாளை மடிக்கக்கூட இல்லை.
பின்னால் இன்னும் மூன்று பேர்
மாலையோடு நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஆரம்பித்தேன்.
போர்த் தண்ணீர் உப்பு,
காய்ந்தால் பொட்டுப் பொட்டாய் வெள்ளை நிற்கும்.
குடிக்கிற ஆற்றுத் தண்ணீரில் ஆறு குடம் எடுத்தேன்.
ஜெசிந்தா ஒன்றும் சொல்லவில்லை.
குடத்தை மட்டும் எண்ணினாள்.

நுரைக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி.
புது வண்டியில் என்ன அழுக்கு இருந்துவிடும் என்று
களிமண் கட்டியால் ஒரு இழுப்பு இழுத்தால்
லாரியில் ஏறி வந்த வழியெல்லாம் வருகிறது:
கயத்தாற்றுப் புழுதி,
தாழையூத்துச் சிமென்ட்டுப் பொடி,
எங்கேயோ ரயில் தண்டவாளத்து இரும்புத் துகள்.
கட்டி கறுத்துப் போனது.
வெயில் ஏறுமுன் மெழுகு,
வட்டம் வட்டமாக,
வாய் தெரியாத பெரிய பல் ஒன்றைத்
தேய்ப்பதுபோல.

மசூது பாய் மதில் மேலாக எட்டிப் பார்த்தார்.
அவர் பூச்சு போட்டவர்.
ஆனிச் சாரலில் அவர் வண்டி மேல் துளிகள்
குண்டு குண்டாய் உருண்டு ஓடும்,
பொய் சொல்லக் கூடாது, அழகுதான்.
ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே வேப்பமரம்,
காக்கை சலுகை காட்டுவதில்லை.
வாரண்டித் தாளின் பொடி எழுத்தை
என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார்.
எச்சம் விழுந்தால் அன்றைக்கே துடைக்க வேண்டும்.
"அப்ப நாமதான் தொடைக்கணுமாவே?"

மத்தியானம் சீட்டுக்கு வந்தேன்.
எழுநூறு ரூபாய் லெதர் கிரீம்.
டிரைவர் சீட்டைத் தேய்த்து முடித்து
வேர்வை ஆற, வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினால்
எழுபத்து மூன்றாம் பக்கம்:
இருக்கை உறைகள் செயற்கைத் தோலால் ஆனவை.

எந்த மாட்டுக்கும் சொந்தமில்லாத தோல்.
இசக்கிராஜைத் திட்டலாம் என்று வாய் திறந்தேன்,
கையில் கிரீம் டப்பா இருந்தது.
மிச்சத்தை ஜெசிந்தாவின் கைப்பைக்குப் போட்டேன்.

தெருவிளக்கு எரிந்த பிறகுதான் பார்த்தேன்.
பானெட் முழுக்கச்
சிலந்தி நூலாய் வட்டக் கீறல்கள்.
என் கை. என் துணி. கீழே விழுந்ததை
உதறிவிட்டு மறுபடி எடுத்தேனே, அது.
ஹெட்லைட்டுக்கு மேலே மட்டும்
நீளமாய் ஒரு கோடு,
கல்யாண மோதிரத்தின் கையெழுத்து.
இப்படி ஒரு பல் செய்து அனுப்பியிருந்தால்
டாக்டர் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பார்.

இரவு தோளில் தைலம் தேய்த்தபடி
"இது எத்தன மாசம் தாங்கும்?" என்றாள்.
மெழுகையா, தோளையா?
நான் கேட்கவில்லை.
"மூணு மாசம்" என்றேன்.

திங்கட்கிழமை காலை
கண்ணாடிக்குக் கீழே
ஒரு வேப்பம்பழம் நசுங்கிக் கிடந்தது.
மதிலுக்கு அந்தப் பக்கம்
மசூது பாய் வாளி வைக்கும் சத்தம்.
மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
துணியைத் தேடினேன்.